ஓட்டுநர் இல்லாத ரயிலை ஓட்டிய மாலை

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுப்பதற்காக மெட்ரோ டிப்போவுக்கு வந்த அன்று, கேன்டீனில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த, புதிதாக வேலைக்குச் சேர்ந்த உங்களில் ஒருவர் பக்கத்துப் பிள்ளையிடம் அலுத்துக்கொண்டார். "இன்னைக்கும் எனக்குப் பழைய வண்டிதான் போட்டிருக்காங்க." யார் என்று சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் சத்வாவில் என் அறைக்கு வந்து சேரும் வரைக்கும் மனம் ஆறவில்லை. பழைய வண்டியாம்! வேலையை விட்டுப் போன பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாத பிறவி நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் திட்டுவேன். ஆனால் சொல்ல வந்தது சந்தோஷமான கதைதான்.

அந்த வண்டி ஜப்பானில் செய்யப்பட்டு, கப்பலேறி இங்கே வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது சில பெட்டிகளின் இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றப்படவில்லை. ஆரம்ப நாட்களில் ஏறியவர்களில் பாதிப் பேர் எங்கேயும் போவதற்காக ஏறவில்லை. வேடிக்கை பார்க்கவும், ஏசியில் கொஞ்ச நேரம் உட்காரவும் ஏறினார்கள். பிறகு ஊர் பெருத்தது, கூட்டம் பெருத்தது. குறுக்கே கிடந்த இருக்கைகளைக் கழற்றி, நிற்பதற்கு இடம் வரும்படி சுவரோரமாகப் போட்டார்கள். அதற்கப்புறம் வேறு நாட்டில் செய்த புது வண்டிகள் வந்தன. அவை அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆகஸ்ட் வெயிலில், புழுதிக் காற்றில், விடுமுறைக்கு முந்தின, வாசலில் ஆள் பிதுங்கி நிற்கும் வியாழக்கிழமை மாலைகளில் இந்த ஊரைத் தூக்கிச் சுமந்து பழகியது அந்த ஜப்பான் வண்டிதான். இன்றைக்கும் முகம் சுளிக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகர்கோவில்காரி. இயற்பியல் படித்துவிட்டு, அரபு நாட்டுக்கு வந்து, இந்த ஊரில் ஸ்கூல் பஸ்ஸில் நானியாக இருந்தேன். பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, நடுவில் அடிதடி வராமல் பார்த்துக்கொள்கிற வேலை. மெட்ரோவில் டிரெயின் அட்டெண்டன்ட் வேலைக்கு இன்டர்வியூவில் உட்கார்ந்தபோது, அவசர நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். "ஒரு பஸ் நிறைய பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைப்பேன்" என்றேன். சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

ஓட்டுநர் இல்லாத ரயிலில் அட்டெண்டன்ட் எதற்கு என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். நம் வண்டியில் ஓட்டுநருக்கென்று தனி அறை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் பெரிய கண்ணாடி, அதை ஒட்டி இருக்கை, அதில் யாராவது ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து தானே ஓட்டுவதாக நினைத்து வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாடிக்குக் கீழே பூட்டிய மூடி ஒன்று. சாவி போட்டுத் திறந்தால் உள்ளே ஓட்டுகிற டெஸ்க். கணினி கைவிட்ட நேரத்தில் நாம் அதைத் திறந்து கையால் ஓட்ட வேண்டும். நமக்கும் பயணிகளுக்கும் நடுவில் சுவரில்லை, திரையில்லை. தோளுக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவார்கள்.

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஒரு ஜப்பானியர். ஒல்லியாக, இஸ்திரி கலையாத சட்டையோடு இருப்பார். அவர் போட்ட முதல் விதி எங்களைச் சிரிக்க வைத்தது. சிக்னலைப் பார்த்தால் மட்டும் போதாது. கையை முழுதாக நீட்டி, விரலால் அதைக் காட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் ரயில்காரர்கள் எல்லாருமே அப்படித்தானாம். கண் மட்டும் பார்த்தால் மனம் வீட்டுக் கவலையில் இருக்கலாம், கையும் வாயும் சேர்ந்துகொண்டால் மனமும் வந்துதான் ஆக வேண்டும் என்று விளக்கினார். எந்த மொழியில் சொன்னாலும் பரவாயில்லை என்றார். நான் தமிழை எடுத்துக்கொண்டேன். "சிக்னல், சரி! பாதை, சரி! வேகம், சரி! கதவு, சரி!" அந்தச் 'சரி' அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேன்டீனில் தட்டில் சாம்பார் விழுந்ததும் விரலை நீட்டி "சரி!" என்பார். மற்ற அட்டெண்டன்ட்கள் என்னைப் பார்த்துக் கேலியாகக் கை நீட்டுவார்கள். நானும் சளைக்காமல் பதிலுக்கு நீட்டுவேன்.

நோன்பு மாதம் கோடையில் வந்த வருடங்களில் ஒன்று அது. மாலை வண்டி. கடையடைத்தவர்கள், சைட்டிலிருந்து திரும்புகிறவர்கள், ஆபீஸ்காரர்கள் என்று எல்லாரும் நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கோ, ரூமுக்கோ, பள்ளிவாசலுக்கோ போய்ச் சேர வேண்டும் என்று ஒரே நேரத்தில் ஏறுவார்கள். வெளியே புழுதிக் காற்று வீசியது. நான் முன்பெட்டியில் டூட்டி.

தேரா ஸ்டேஷனில் ஒரு பெரியவரும் அவர் மகனும் ஏறினார்கள். மகன் பெயர் ஹமீது, அங்கே வாசனைத் திரவியக் கடை வைத்திருக்கிறார். பெரியவர் காயல்பட்டினத்திலிருந்து விசிட் விசாவில் வந்தவர். கதவு மூடுவதற்குள்ளேயே அவர்கள் சண்டை என் காதில் விழுந்துவிட்டது.

"டிரைவர் எங்கெ?"

"டிரைவர் கெடையாது வாப்பா. கம்ப்யூட்டர் ஓட்டுது."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரு டிரைவர்?"

"வாப்பா, உக்காருங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். ஆளில்லாத வண்டியில கூட்டிட்டு வந்து ஏத்திட்டு, பாக்கக் கூடாதாமே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரைக் கதவோர இருக்கையில் உட்கார வைத்தேன். அப்போதே கவனித்தேன், நெற்றியில் வியர்வை பொடிந்திருந்தது. ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டி. ஹமீது என்னிடம் குரலைத் தாழ்த்தி, "சுகர் இருக்கு மேடம். நோன்பு வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியும் கேக்கல" என்றார். பெரியவர் காது கூர்மையானது. "டாக்டரா எனக்குப் பதிலா மறுமையில நிப்பாரு?" என்று கேட்டார்.

வண்டி மேம்பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு கட்டடத்திலிருந்து பிய்ந்து வந்த பெரிய பிளாஸ்டிக் தாள் முன்னால் பறந்து வந்து பாதையில் விழுந்தது. வண்டி நின்றது. தடங்கலைக் கண்டால் நிற்க வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள், நின்றது. சற்று நேரத்தில் அடுத்த காற்று அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஆனால் இப்படி நின்ற வண்டி, மனிதக் கண் ஒன்று பாதையைப் பார்த்துச் சொல்லும் வரை தானாக நகராது.

ரேடியோவில் கன்ட்ரோல் அறையைக் கூப்பிட்டேன். அன்று கன்ட்ரோலில் இருந்தவரின் குரலை எனக்குத் தெரியும், முகம் தெரியாது. பெஷாவர் பக்கத்து ஆள். ஒரு வார்த்தைக்கு இரண்டாவது வார்த்தை பேச மாட்டார். "ஸ்டாண்ட் பை" என்றார். நான் காத்திருந்தேன்.

கண்ணாடி வழியே அடுத்த ஸ்டேஷன் தெரிந்தது. அதன் கீழே நோன்பு திறக்கும் கூடாரங்களின் விளக்குகளும் தெரிந்தன. அதுதான் வம்பு. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் ஜனங்கள் பேசாமல் இருந்திருப்பார்கள். தெரிந்ததும் ஆளாளுக்கு வாட்சைப் பார்த்தார்கள், நோன்பு திறக்கும் பாங்கு நேரத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். "மேடம், கித்னா டைம்?" "சிஸ்டர், வாட் ஹேப்பன்ட்?" "எந்தா பிரஷ்னம் சேச்சி?" நான் எல்லா மொழியிலும் சிரித்தேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு பெண் கத்தினாள். திரும்பிப் பார்த்தால், ஹமீதின் கை கதவின் மேலிருக்கும் எமர்ஜென்சி கைப்பிடியில் இருந்தது. பெரியவர் இருக்கையில் சாய்ந்து கிடந்தார். விரல்கள் நடுங்கின. வியர்வை தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வாப்பா, ஜூஸ் குடிங்க வாப்பா. உங்க கால்ல விழுறேன்."

"பாங்கு சொல்லட்டும்."

"மயக்கம் வருதுன்னு இப்பதான சொன்னீங்க?"

"வருதுன்னுதான சொன்னேன். வந்துட்டுன்னா சொன்னேன்?"

ஹமீது என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர். "மேடம், அந்தா ஸ்டேஷன் தெரியுது. பக்கத்துல நடக்க வழி இருக்குல்ல. நான் தூக்கிட்டே போயிடுவேன். கதவ மட்டும் தொறக்க விடுங்க."

அந்தக் கைப்பிடியை இழுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். ஆள் பாதையில் இறங்கக்கூடும் என்பதால் அந்தப் பகுதி முழுவதும் மின்சாரத்தை நிறுத்துவார்கள். நம் வண்டி செத்துப்போகும். பின்னால் வரும் வண்டிகளும் அப்படியே நிற்கும். ஒரு கதவு திறந்தால் அடுத்த கதவையும் யாராவது திறப்பார்கள், இருட்டப்போகிற நேரத்தில், அந்த உயரத்தில், பசித்த ஜனம் வரிசையாக இறங்கி நடக்கும். பெரியவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதனால் தாமதமாகுமே ஒழிய விரைவாகாது. அந்த நிமிடத்தில்தான் ரேடியோ பேசியது. "அட்டெண்டன்ட், மேனுவல். மெதுவாக. அடுத்த ஸ்டேஷன் வரை."

ஓட்டச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஓட்டுகிற டெஸ்க் பெட்டியின் முன்முனையில், ஹமீதின் கை இரண்டாவது கதவில். நான் டெஸ்க்குக்குப் போனால் அவர் கைப்பிடியை இழுத்துவிடலாம். நான் கைப்பிடிக்குக் காவல் நின்றால் வண்டி நகராது. இரண்டு இடத்திலும் நிற்க என்னிடம் இரண்டு உடம்பு இல்லை.

பிள்ளைகளே, இங்கே நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பாய்ந்து போய் அந்தக் கையைப் பிடித்திருப்பீர்கள். யூனிஃபார்ம் போட்டவர்களுக்கு முதலில் வருகிற புத்தி அதுதான். நான் பிடித்திருந்தால் அவர் இழுத்திருப்பார். பஸ்ஸில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டுகிற பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தால், அது இன்னும் அதிகமாகத்தான் நீட்டும். அது எதைப் பார்த்துக் கை நீட்டுகிறதோ அதைப் பேருந்துக்குள்ளே காட்டினால் தானாகத் திரும்பிவிடும். ஹமீதுக்குக் கைப்பிடி மேல் ஆசையில்லை. வாப்பாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆகவே நான் ஹமீதைப் பார்க்கவே இல்லை. பெரியவர் முன்னால் போய்க் குனிந்தேன்.

"வாப்பா, எந்திரிச்சு முன்னாடி வர முடியுமா? எனக்கு ஒரு ஆள் வேணும்."

"எதுக்கும்மா?"

"வண்டி ஓட்டப் போறேன்."

அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நடுங்கிக்கொண்டிருந்த மனிதர் ஒரு நொடி நடுங்கவே மறந்துவிட்டார். "நீயா? டிரைவர் இல்லன்னு இவன் சொன்னானே?"

"இப்ப இருக்கு வாப்பா."

"அப்ப நான் சொன்னது சரிதான?" என்று மகனைப் பார்த்துக் கேட்டுவிட்டு எழுந்தார். எழுந்ததும் தள்ளாடினார். ஹமீது பதறிக் கைப்பிடியை விட்டுவிட்டு ஓடி வந்து அவரைத் தாங்கிக்கொண்டார். அப்படியே இருவரும் என் பின்னால் முன்முனைக்கு வந்தார்கள். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு மலையாளி இளைஞனை நிறுத்தி, யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். முன்னிருக்கையில் பெரியவரை உட்கார வைத்துவிட்டு மூடியைத் திறந்தேன்.

ஓட்ட ஆரம்பித்தால் நான் திரும்பிப் பார்க்க முடியாது. பாதையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பவர் மயங்கினாலும் எனக்குத் தெரியாது. ஆகவே பெரியவரோடு ஓர் ஒப்பந்தம் போட்டேன். "நான் ஒவ்வொண்ணா சத்தமாச் சொல்லுவேன் வாப்பா. நீங்க அதத் திருப்பிச் சொல்லணும். உங்க சத்தம் கேக்குற வரைக்கும் உங்க நோன்ப யாரும் தொட மாட்டாங்க. சத்தம் நின்னுச்சுன்னா ஹமீது ஜூஸ வாயில ஊத்திடுவாரு. சம்மதமா?"

பெரியவர் யோசித்தார். வியாபாரம் பேசிப் பழகிய மனிதர். "நான் சத்தம் போட்டா ஊத்தக் கூடாது" என்று உறுதிப்படுத்திக்கொண்டு தலையசைத்தார். ஹமீது ஜூஸ் பொட்டலத்தில் ஸ்ட்ராவைக் குத்தித் தயாராக வைத்துக்கொண்டார்.

கையை நீட்டினேன். "சிக்னல், சரி!"

"சிக்னல், சரி!" என்றார் பெரியவர். பின்னால் இரண்டொருவர் சிரித்தார்கள்.

"பாதை, சரி!"

"பாதை, சரி!"

வண்டி ஊர்ந்தது. பெட்டி முழுவதும் ஒரு பெருமூச்சு. "யல்லா, யல்லா!" என்று யாரோ கை தட்டினார்கள். கையால் ஓட்டும்போது ரேடியோ திறந்தே இருக்க வேண்டும், அதனால் இந்தக் கூத்தெல்லாம் கன்ட்ரோலுக்கும் போய்க்கொண்டிருந்தது.

"வேகம், சரி!"

"வேகம், சரி!" இம்முறை பெரியவர் தனியாக இல்லை. முன்னால் நின்ற ஒரு சிறுமி சேர்ந்துகொண்டாள். அடுத்த முறை அவள் அம்மா. அதற்கடுத்த முறை பாதிப் பெட்டி. பஞ்சாபி, வங்காளி, பிலிப்பினோ, எகிப்துக்காரர் எல்லாரும் என்னவென்றே தெரியாமல் கையை நீட்டி "பாத்தே, சேரி!" என்று முழங்கினார்கள். பயந்துகிடந்த பெட்டி திருவிழாவாகிவிட்டது. எனக்கும் உற்சாகம் தலைக்கேறி இன்னும் உரக்கச் சொன்னேன். இரண்டு மூன்று முறை அப்படிப் போன பிறகுதான் உறைத்தது. அந்தச் சத்தத்தில் பெரியவரின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. அவர் சொல்கிறாரா, இல்லையா? ஹமீதுக்கும் கேட்டிருக்காது. எல்லாரும் அன்போடுதான் கத்தினார்கள். அந்த அன்பே எங்கள் ஒப்பந்தத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

கண்ணைப் பாதையிலிருந்து எடுக்காமல், இடக் கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலை விரித்தேன். ஸ்கூல் பஸ்ஸில் போடும் அதே சத்தத்தைப் போட்டேன். "ஷ்ஷ்ஷ்!"

எந்த நாட்டில் பிறந்தவராக இருந்தாலும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்கள்தானே. பெட்டி கப்சிப் என்று அடங்கியது.

"வேகம், சரி" என்றேன், மெதுவாக.

ஒன்றும் வரவில்லை. சக்கரச் சத்தம் மட்டும். பிறகு, ரொம்பத் தாழ்வாக, "வேகம்... சரி" என்று வந்தது.

குரல் இருந்தது. ஆனால் இளைத்துவிட்டிருந்தது. "பாதை, சரி" என்றேன். "பாதை..." என்று இழுத்தார், மீதி வரவில்லை. "வாப்பா, முழுசாச் சொல்லுங்க" என்றேன். ஹமீது "ஊத்தட்டுமா மேடம்?" என்றார். "சரி" என்றது பெரியவரின் குரல், கோபமாக. நான் சொன்ன பாதைக்கான சரி அது, ஜூஸுக்கான சம்மதமில்லை என்பதை அந்தக் கோபமே சொல்லிற்று.

அந்த நேரத்தில் யாரோ ஒருவரின் போனில் பாங்கு ஒலித்தது. உடனே இன்னொரு போனில். பிறகு பெட்டியெங்கும் பைகளிலிருந்தும் சட்டைப் பைகளிலிருந்தும் பாங்கு எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. 'குடிச்சிருப்பாரு' என்று நிம்மதியாக மூச்சு விட்டேன்.

ஆனால் பின்னால் ஒரு பொட்டலம் பிரியும் சத்தம்கூட இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்ததால் முன் கண்ணாடியில் பெட்டி லேசாகத் தெரிந்தது. நின்றவர்கள் எல்லார் கையிலும் பேரீச்சம்பழம், தண்ணீர் பாட்டில். ஒருவர் வாயும் அசையவில்லை, மகன் நீட்டிய ஜூஸைத் தள்ளிவிட்ட பெரியவரின் வாய்கூட. எல்லாருடைய கண்ணும் என் முதுகின் மேல். அப்போதுதான் புரிந்தது. நம் வண்டிக்குள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாலும் அபராதம். அபராதச் சீட்டு எழுதுகிற யூனிஃபார்ம் என் உடம்பில். பகல் முழுவதும் பட்டினி கிடந்து, பாங்கும் சொல்லியாகிவிட்ட பிறகு, என்னிடம் அனுமதிக்காகக் காத்து நிற்கிறார்கள்!

யோசிக்க நேரமில்லை. விதியை யார் தளர்த்தலாம், யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரியும். கேட்டுப் பதில் வருவதற்குள் பெரியவர் சரிந்துவிடுவார். வலக் கை ஓட்டுகிற கைப்பிடியில் இருந்தது. இடக் கையை முழுதாக நீட்டி, விரலைக் காட்டி, என் வாழ்க்கையிலேயே பெரிய குரலில் சொன்னேன்.

"நோன்பு தொறக்கலாம், சரி!"

பெட்டியெங்கும் சிரிப்பு வெடித்தது. "கோலோ பாய், கோலோ!" "நோம்பு துறந்நோளூ!" என்று அவரவர் மொழியில் செய்தி பின்பெட்டி வரைக்கும் ஓடியது. பாட்டில் மூடிகள் திறக்கிற சத்தம் மழை மாதிரி கேட்டது. நோன்பில்லாதவர்களுக்கும் பழத்தைத் திணித்தார்கள்.

நான் கையை நீட்டினேன். "வேகம், சரி!"

பெரியவரிடமிருந்து பதிலில்லை.

"வாப்பா? வேகம்?"

பதிலில்லை. நிறுத்திவிடலாமா என்று நினைத்தேன். "வாப்பா!" என்று கத்தினேன்.

"இரும்மா," என்றார், குழறலாக. "வாயில பழம் இருக்குல்ல."

அந்தச் சிரிப்பில் வண்டியே குலுங்கியிருக்கும். என் பக்கத்தில் நின்ற எகிப்துப் பெண்மணி, பகலெல்லாம் நானும் எதுவும் சாப்பிடவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார் போல. கேட்காமல் கொள்ளாமல் ஒரு பேரீச்சம்பழத்தை என் வாயில் போட்டுவிட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலுக்குப் போகிறவள் என்று சொல்லவும் நேரமில்லை. கேமராவுக்கு நேரே, யூனிஃபார்மில், வண்டி ஓட்டிக்கொண்டே மென்றேன்.

ஸ்டேஷன் நெருங்கியது. வண்டியின் கதவும் பிளாட்பாரத்தின் கண்ணாடிக் கதவும் நேருக்கு நேர் வரும்படி நிறுத்த வேண்டும். கணினி அதைத் தினமும் அசால்ட்டாகச் செய்யும். மனிதக் கைக்கு அது கடினம். அங்குலம் அங்குலமாக விட்டேன். நின்றது. ஒரு சாண் முன்னே போய்விட்டது, ஆனால் கதவு திறக்கப் போதும். இனி கதவைக் காட்டிச் சொல்லிவிட்டுத் திறக்க வேண்டும். சொல்லாமல் பொத்தானைத் தொடக் கூடாது என்பது ஜப்பானியர் போட்ட விதி. என் வாயிலோ பேரீச்சங்கொட்டை. விழுங்கவும் முடியாது, துப்பினால் அதற்குத் தனி அபராதம். கையை மட்டும் கதவுப் பக்கம் நீட்டினேன்.

பின்னாலிருந்து அத்தனை பேரும் சொன்னார்கள். "கதவு, சரி!" முதலில் சொன்னது, தெம்பு திரும்பியிருந்த பெரியவர்.

திறந்தேன். முதலுதவிக்காரர்கள் காத்திருந்தார்கள். பெரியவரின் விரலில் குத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஜூஸ் கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார். ஹமீது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல முயன்று, முடியாமல், தன் பையிலிருந்த பேரீச்சம்பழப் பெட்டியை அப்படியே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது பெரியவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. "கம்ப்யூட்டராம். அந்தப் புள்ளைய ஒளிச்சு வெச்சிருந்தானுவ."

அந்த மாலையைப் பற்றி அப்புறம் விசாரணை நடந்தது, பதிவைப் போட்டுக் கேட்டார்கள், சிரித்தார்கள், போகச் சொன்னார்கள். அது ஒரு பெரிய விஷயமில்லை. விதியை மீறலாம் என்று நான் சொல்லிக்கொடுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு விதியையும் எனக்குத் தெரிந்திருந்ததால்தான், எதை விட்டுக்கொடுத்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்றும் தெரிந்தது. சிக்னலை நான் விட்டுக்கொடுக்கவில்லை, வேகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தரையில் நாலு பேரீச்சங்கொட்டை விழுவதை விட்டுக்கொடுத்தேன். பார்க்கப்போனால் அதுவும் விழவில்லை. எல்லாரும் கொட்டையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருந்தார்கள்.

பிளாட்பாரம் காலியானதும் ரேடியோவை எடுத்தேன். "கன்ட்ரோல், எல்லாரும் இறங்கியாச்சு. வண்டி காலி. அனைவரும் நலம்" என்றேன். வழக்கமாக "ஓகே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற அந்தப் பெஷாவர் குரல், அன்று ஆங்கிலத்தை விட்டுவிட்டு உருதுவில் பேசியது. அக்கா என்று அர்த்தம் வரும்படி என்னை "ஆபா" என்று கூப்பிட்டது. பாங்கு சொன்னபோது கன்ட்ரோல் அறையிலும் மேசை மேல் பழமும் தண்ணீரும் தயாராக இருந்ததாம். ஆனால் மேம்பாலத்தில் ஒரு வண்டி ஜனம் மாட்டிக்கொண்டிருக்கிறதே, அவர்களிடம் ஒரு மடக்குத் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ என்று நினைத்து, அந்த அறையில் நோன்பிருந்த யாரும் பழத்தைத் தொடவில்லையாம். நான் என்ன சொன்னேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை. கடைசியில் வந்த என் 'சரி'யும் அதற்குப் பின் வந்த சிரிப்பும் மட்டும் ரேடியோவில் கேட்டிருக்கிறது.

"ஆப் நே 'சரி' போலா, ஆபா," என்றார். "தோ ஹம் நே பீ கோல் லியா."

நீங்கள் 'சரி' என்று சொன்னீர்கள். அதனால்தான் நாங்களும் நோன்பு திறந்தோம்.